பிரைட்டன் கடற்பாலத்துச் சிறுமாடங்கள்

ஆங்கில நாட்டின் தென்கரையில் அமைந்த பிரைட்டன் நகரில் மூன்று கடற்பாலங்கள் தோன்றின. அவற்றுள் முதலாவதாகிய சங்கிலிப் பாலத்தைக் கடல் 1896-ஆம் ஆண்டில் ஒரே இரவிற் கொண்டது. இரண்டாவதாகிய மேற்குப் பாலம் 2002, 2003-ஆம் ஆண்டுகளிற் புயலாலும் தீயாலும் சிதைந்தது. அதன் இரும்புக் கூடே கரையினின்றும் பிரிந்து அலைகளுக்கிடையே எஞ்சியது. மூன்றாவதாகிய மாளிகைப் பாலம் ஒன்றே இன்றும் மக்கள் வழங்கும் பாலமாக உள்ளது. அழிந்த அவ்விரு பாலங்களின் மேல் நின்ற சில சிறுமாடங்களோ அழிந்தில. பெரியது மாளச் சிறியது எஞ்சியது எவ்வாறு? இவ்வினா எளியதுபோலத் தோன்றினும், இதனை ஆராயப் புகுவார் சொல்லாராய்ச்சி, கட்டடக்கலை, வாணிக வரலாறு ஆகிய மூன்றனுள்ளும் புக நேர்கின்றது. கடற்பாலங்களைப் பற்றி எழுதியோருட் பலர் அரங்குகளையும் ஆடல்பாடல்களையும் விரித்துரைத்து, இச்சிறுமாடங்களை ஓரிரு தொடர்களிற் கடந்து சென்றனர். அக்குறையை ஒரு சிறிதேனும் நிரப்புதலே எம் நோக்கம்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சில கூறல் வேண்டும். ஆங்கிலத்தில் 'கியோஸ்க்' என வழங்கும் சொல் ஆங்கிலச் சொல் அன்று. பாரசீகத்திற் 'கூஷ்க்' என்பது மாளிகையைக் குறித்தது. அது துருக்கியிற் 'கோஷ்க்' என்றாகி, தோட்டத்தினிடையே நாற்புறமும் திறந்து நிற்கும் இன்ப மாடத்தைக் குறிப்பதாயிற்று. இசுதான்புல் நகரில் 1472-ஆம் ஆண்டில் எழுந்த 'சினிலி கோஷ்க்' என்னும் ஓடு வேய்ந்த மாளிகையும், தோப்காப்பி அரண்மனையில் 1630-களில் எழுந்த இரவான் மாடமும் பாக்தாது மாடமும் இச்சொல் எத்துணைச் செல்வ நிலையில் வாழ்ந்தது என்பதற்குச் சான்றாவன. 1717-இல் துருக்கியிலிருந்த ஆங்கிலச் சீமாட்டி மேரி வோர்ட்லி மாண்டேகு தம் கடிதங்களில் இம்மாடத்தை நீரூற்றோடு கூடிய அகன்ற கூடமாக விரித்து எழுதினார். துருக்கியர் நாட்டிற் சிலகாலம் வாழ நேர்ந்த போலந்து மன்னர் இசுதானிசுலாசு, பின்னர் இலொரேன் நாட்டுக்குக் கோமகனாகிய காலத்தில், லூனேவில் அரண்மனைத் தோட்டத்தில் இத்தகைய மாடம் ஒன்றை எழுப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையிற் பாரிசு நகரத் தெருக்களிற் செய்தித்தாள் விற்கும் சிறு கூடுகளுக்கும் இதே பெயர் வாய்த்தது. மன்னர் அமர்ந்து காற்று வாங்கிய மாடத்தின் பெயர் காசுக்குத் தாள் விற்கும் கூண்டுக்கு ஆகிய இச்செய்தி, சொற்பொருள் இழிந்து வருதலுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

தமிழில் இதனை எவ்வாறு வழங்குவது? பெட்டிக்கடை என்பது மக்கள் நாவிற் பயிலும் சொல்; விற்பனையை நோக்கின் அதுவே பொருந்தும். ஆயின் கடற்பாலத்து மாடங்களுட் சில சுங்கம் வாங்கின. சில வெறும் நிழலே தந்தன. ஆகவே பெட்டிக்கடை என்பதனை அவை அனைத்துக்கும் பொதுவாக்குதல் இயலாது. மண்டபம் என்னின் அளவு மிகும். ஆதலின் 'சிறுமாடம்' என்பதனையே இக்கட்டுரையில் ஆள்கின்றோம். 'கடற்பாலம்' என்பது கரையினின்றும் கடலுள் நீண்டு மறுகரை சேராது முடியும் அமைப்பையே ஈண்டுக் குறிக்கும்.

சங்கிலிப் பாலம் 1823-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திறக்கப்பெற்றது. அதனை அமைத்தவர் கடற்படைத் தலைவராயிருந்த சாமுவேல் பிரௌன். பிரைட்டனிலிருந்து பிரெஞ்சு நாட்டு தியேப்புத் துறைக்குச் செல்லும் பயணிகள் சிறு படகேறி அலை கடந்து கலம் சேரும் தொல்லையை நீக்குதலே அதன் முதல் நோக்கமாகும். சென்னைக் கரையில் மசூலாப் படகிலேறி அலைக்குள் அல்லலுற்றோர் வரலாற்றை அறிந்தார்க்கு இத்தொல்லையின் தன்மையை விளக்க வேண்டுவதில்லை. எகிப்தியக் கோயில் வாயில்களைப் போன்ற கோபுரங்களினின்றும் இரும்புச் சங்கிலிகள் தொங்க, அச்சங்கிலிகள் நடைபாதையைத் தாங்கின. அக்கோபுரங்களின் அடிப்பகுதிகள் வெற்றிடமாக விடப்படவில்லை. அவற்றுள் சிறு கடைகள் அமைந்தன. இனிப்புப் பண்டங்களும் நினைவுப் பொருள்களும் ஆண்டு விற்கப்பெற்றன.

இக்கடைகளைப் பற்றிய சான்றுகளுள் எம் உள்ளத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. மக்களின் பக்கத்தோற்றத்தைக் கருந்தாளில் நிழலுருவாக வெட்டித்தரும் கலைஞர் சிலர் அக்காலத்தில் இருந்தனர். அவருள் ஜான் காப் என்பார் இப்பாலத்து மூன்றாம் கோபுரத்தில் இருந்து தொழில் செய்தார். அவர் வெட்டிய நிழலுருக்களின் பின்புறத்தில் ஒட்டிய அச்சுச்சீட்டு, அவர் நாள்தோறும் அக்கோபுரத்தில் இருப்பதனை அறிவிக்கின்றது. பாலம் போயிற்று, கோபுரமும் போயிற்று, கடையின் முகவரி மட்டும் படத்தின் முதுகில் நின்று நிலவுகின்றது. ஏட்டுச் சுவடியின் இறுதியில் எழுதினோன் பெயரும் ஊரும் கண்டு மகிழும் பழக்கமுடைய நமக்கு இத்தகைய சான்றின் அருமை நன்கு புலனாகும்.

இருப்புப்பாதை 1841-இல் இலண்டனிலிருந்து பிரைட்டனை எட்டியது. 1847-இல் அண்மையிலுள்ள நியூஹேவன் துறைக்கும் இருப்புப்பாதை வந்தமையால், பிரெஞ்சுப் பயணிகள் அவ்வழியை நாடினர். சங்கிலிப் பாலம் கலத்துறை என்னும் நிலையினின்றும் நழுவி, உலாவும் இடம் என்னும் நிலையை அடைந்தது. இம்மாற்றமே கடற்பால வரலாற்றின் திருப்பம் எனலாம். கலமேறச் செல்வோன் விரைந்து செல்வான், கடையில் நில்லான். உலாவச் செல்வோனுக்கோ பொழுது உண்டு. பொழுதுடையானிடமே வாணிகம் நடக்கும்.

இனி மேற்குப் பாலத்திற்கு வருவோம். அதனை அமைத்த யூஜீனியஸ் பர்ச் 1818-இற் பிறந்து 1884-இல் மறைந்தவர். தம் வாழ்நாளிற் பதினான்கு கடற்பாலங்களை அமைத்தவர். அவர் கையாண்ட முறை, அடிமுனையில் மரையாணி போன்ற அகன்ற தகடு பொருத்திய இரும்புத்தூணைச் சுழற்றிச் சுழற்றி மணலுள் இறக்கும் முறையாகும். இதனை 1833-இற் கண்டு உரிமை பெற்றவர் கண்பார்வை இழந்த ஐரிசுப் பொறியாளர் அலெக்சாந்தர் மிட்செல். கடல் மணலிற் கலங்கரை விளக்கங்களை நிறுத்த அவர் கண்ட வழியை, பர்ச் 1850-களில் மார்கேட் துறையில் இன்ப உலாப்பாலத்திற்கு ஆக்கினார். சென்னையில் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த இரும்புப் பாலமும் இத்திருகுத்தூண் முறையால் எழுந்ததே. ஆயின் சென்னைப் பாலம் பொதி இறக்க எழுந்தது. பிரைட்டன் பாலம் பொழுது போக்க எழுந்தது. பிரெஞ்சியர் புதுச்சேரியில் அமைத்த பாலம் மேற்குப் பாலம் திறந்த அதே 1866-இல் திறக்கப்பெற்று, 1952-ஆம் ஆண்டுப் புயலில் வீழ்ந்தது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மேற்குப் பாலம் 1866-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் நீளம் 1,115 அடி. அன்று அதன்மேல் இருந்தவை எவை என்பதே எம் ஆராய்ச்சியின் உயிர்நிலையாகும். பிற்காலப் படங்களிற் பெரிதாகத் தோன்றும் அரங்கம் 1893-இல் எழுந்தது. இசைக்கூடம் 1916-இல் எழுந்தது. இவை இரண்டும் பர்ச் அமைத்தவை அல்ல. அவர் அமைத்தவை வாயிலில் இரு சுங்க மாடங்கள், பாலத்தின்மேல் ஆறு சிறுமாடங்கள், முனையிற் காற்றையும் வெயிலையும் தடுக்கும் கண்ணாடித் தட்டிகள், ஓரமெங்கும் தொடர்ந்தோடும் இருக்கைகள், பாம்புகள் பின்னிய விளக்குத் தூண்கள் ஆகிய இவையே. ஏனைய இடமெல்லாம் வானும் கடலும். எனவே பர்ச்சின் பாலத்திற் கட்டடம் எனத்தக்கன சிறுமாடங்களே. அரங்கத்தைப் பாலத்தின் உயிராகவும் சிறுமாடத்தை அணியாகவும் கருதுவார் கூற்று, வரலாற்றை முன்பின்னாகப் பிறழக் கண்டதன் விளைவு என்பது எம் துணிபு.

சுங்க மாடத்தின் தொழிலை நோக்குவோம். 1861-ஆம் ஆண்டில் நிறைவேறிய பால, துறைமுகப் பொதுச்சட்டத்திற்கு முன் ஒவ்வொரு பாலத்திற்கும் பாராளுமன்றத்தில் தனிச்சட்டம் வேண்டப்பட்டது. அச்சட்டத்தின் பின் அரசாங்க வாணிகக் குழுவின் ஆணை பெற்றுக் கழகங்கள் பாலம் அமைத்தல் எளிதாயிற்று. பங்கு வாங்கியோர்க்குப் பொறுப்பு வரையறுக்கப்பட்டமையால், நடுத்தரச் செல்வரும் துணிந்து பணம் இட்டனர். அப்பணம் திரும்பி வரும் வழி வாயிலில் வாங்கிய சில பென்னிகளே. நம் முன்னோர் துறையில் வாங்கிய வரியை உல்கு என்றனர். அது சரக்கின்மேல் வீழ்ந்தது. இதுவோ உலாவும் கால்களின்மேல் வீழ்ந்த உல்கு. ஆதலாற் சுங்க மாடம் பாலத்தின் பணப்பை மட்டுமன்று, அதன் வேலியும் ஆகும். கையிற் காசில்லாதானை அது கரையிலேயே நிறுத்தியது. வேடிக்கை என்னவெனின், எதிரேயுள்ள ரீஜென்சி சதுக்கத்துச் செல்வர்கள் இம்மாடங்கள் தம் சாளரக் காட்சியை மறைக்கும் என முறையிட்டனர். பிறரை விலக்க எழுந்த மாடம் தம் கண்ணையும் உறுத்தியது போலும்.

மாடங்களின் வடிவம் கீழைநாட்டு வடிவம். எண்கோணமாயும் நீள்சதுரமாயும் நின்ற அவற்றின் முகடுகளில் கூர்முனைக் கோபுரங்கள் விளங்கின. இவ்வடிவம் எங்கிருந்து வந்தது? பர்ச் இந்தியாவிற் கல்கத்தா–தில்லி இருப்புப்பாதைக்குப் பாலங்கள் அமைத்தவர். ஆகவே அங்குக் கண்டதனை இங்கு வடித்தார் என்பர் சிலர். அக்கூற்று முற்றும் மறுக்கற்பாலதன்று. அவர் பிளாக்பூல் வடபாலத்தில் 1870-களில் அமைத்த 'இந்திய அரங்கம்' விருந்தாவனத்துக் கோயிலொன்றைத் தழுவியதாகக் கூறப்படும். அது 1921-இல் தீக்கிரையாயிற்று. ஆயினும் பிரைட்டனைப் பொறுத்தவரை இதனினும் அண்மையிலுள்ள மூலம் ஒன்றுண்டு. பாலத்து விளக்குத்தூணிற் பின்னிய பாம்புகள் அதே நகரத்து அரச மாளிகையின் அணிகளைப் பின்பற்றியவை. 1815 முதல் 1822 வரை அம்மாளிகைக்கு இந்தியத் தோற்றம் தந்தவர் ஜான் நாஷ். அவர் இந்தியாவை ஒருகாலும் கண்டவரல்லர்.

காணாத நாட்டை அவர் எவ்வாறு வடித்தார்? தாமசு டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஓவியர் இருவர் இந்தியாவிற் பல்லாண்டு சுற்றி வரைந்து வெளியிட்ட ஓவியத் தொகுதிகளே அவர்க்குத் துணை. அவ்விருவர் 1792-இல் தமிழகத்திலும் சுற்றினர். தஞ்சைப் பெரியகோயிலையும் மதுரை மண்டபத்தையும் மாமல்லபுரத்தையும் வரைந்தனர். ஆயினும் பிரைட்டனில் எழுந்தவை வடநாட்டு முகலாயக் குவிமாடங்களே; நம் விமானமும் கோபுரமும் அக்கரையை எட்டவில்லை. காரணம் ஊகிக்கத்தக்கது. தூண் நான்கின்மேற் குடைபோற் கவியும் 'சத்ரி' என்னும் வடநாட்டு உறுப்பைப் பெயர்த்தெடுத்துக் கூரைமேலும் தோட்டத்திலும் பாலத்திலும் வைத்தல் இயலும். தளம்தளமாக எழுந்து குறுகும் விமானத்தை அவ்வாறு துண்டாக்கிக் கொள்ளுதல் இயலாது. பெயர்க்கத்தக்க வடிவமே பரவும் என்பது ஈண்டுப் பெறப்படும். எஞ்சுதற்கும் அதுவே காரணமாதலைப் பின்னர்க் காண்போம்.

இதனோடு இயைந்த செய்தி ஒன்றைக் கூறாது விடுதல் தகாது. முதல் உலகப்போரில் அவ்வரச மாளிகை 1914 முதல் 1916 வரை காயமுற்ற இந்தியப் படைஞர்க்கு மருத்துவமனை ஆயிற்று. பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர் 53 பேர் நகருக்கு வடக்கேயுள்ள குன்றுப்புறத்தில் எரியூட்டப்பெற்றனர். அவ்விடத்தில் 1921-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் திறக்கப்பெற்ற நினைவுச்சின்னம் வெண்பளிங்குச் சத்ரி ஆகும். கடற்கரையில் இனிப்பு விற்ற அதே வடிவம், சில கல் தொலைவில், இறந்தாரை நினைக்க எழுந்த நிலையில், தன் பழம்பொருளைத் திரும்பப் பெற்றது. வடநாட்டிற் சத்ரி என்பது பெரும்பான்மையும் ஈமம் எரிந்த இடத்துச் சின்னமே அன்றோ?

பாலத்து மாடங்களில் நிகழ்ந்த அன்றாட வாணிகத்தை விரித்தல் வேண்டா. 1871-ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம் உழைப்பாளர்க்கும் ஓய்வு நாள் தந்தது, கூட்டம் பெருகியது. 1894-இல் தனியார் அச்சிட்ட அஞ்சலட்டைக்கு அஞ்சல் நிலையம் இசைவளித்தபின் படவட்டை கடற்கரைக் கடைகளின் முதற்பொருளாயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. அட்டையின் முகத்திற் பாலத்தின் படம். அப்படத்தில் அட்டையை விற்ற மாடமும் தோன்றும். மாடம் தன் உருவைத் தானே விற்றது. இன்று அம்மாடங்களின் நிலையையும் இடத்தையும் அறிய ஆராய்ச்சியாளர்க்குக் கிடைக்கும் சான்றுகளுள் மிகுதியானவை அவ்வட்டைகளே.

1896-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் இரவு எழுந்த புயலிற் சங்கிலிப் பாலம் வீழ்ந்தது. அதற்கு முன்னரே மாளிகைப் பாலம் 1891-இல் தொடங்கப்பெற்றிருந்தது. புதியது எழப் பழையதை இடித்தல் வேண்டும் என்பது நிபந்தனை. இடிக்க வேண்டியவர்க்குக் கடல் செலவின்றி உதவியது; ஆயினும் மிதந்த மரங்கள் மேற்குப் பாலத்தையும் புதுப்பாலத்தின் வேலையையும் தாக்கின. மாளிகைப் பாலம் 1899-ஆம் ஆண்டு மே 20-இல் திறந்தது. சங்கிலிப் பாலத்து வாயில் மாடங்கள் இரண்டும் அறிவிப்புப் பீரங்கி ஒன்றும் அப்புதுப் பாலத்தின்மேற் கொண்டு வைக்கப்பெற்றன; இன்றும் ஆண்டே உள்ளன.

மேற்குப் பாலத்தின் இறுதி நீண்ட நோய் போன்றது. முதற்போர் முடிந்தபின் ஓராண்டில் இருபது இலட்சம் பேர் வந்த இடம், இரண்டாம் போரின்பின் ஆளின்றி மெலிந்தது. பாலத்து முனை 1970-இலும் பாலம் முழுதும் 1975-இலும் மூடப்பெற்றன. 1982-இல் முதற்றரக் காப்புப் பட்டியலிற் சேர்ந்தது. 1983-இல் ஓர் அறக்கட்டளை அதனை நூறு பவுண்டுக்கு வாங்கியது! 1998-இற் பெருந்தொகை உதவுவதாகச் சொல் கிடைத்தது. பணி தொடங்குமுன் 2002 டிசம்பர் 29-இல் ஒரு பகுதி சரிந்தது. 2003 மார்ச் 28-இல் அரங்கமும் மே 11-இல் இசைக்கூடமும் எரிந்தன. 2004-இல் அவ்வுதவியும் திரும்பப் பெறப்பட்டது. காப்பாற்ற விரும்பியோர் இல்லாமையால் அழிந்தது என்று கூறல் இயலாது. காப்பாற்றும் பணம் சொல்லளவில் நின்ற காலத்தே உப்புக்காற்று தன் வேலையைச் செய்து முடித்தது.

ஆயின் அதற்கு முன்னரே, 1990-களில், 1866-ஆம் ஆண்டின் எண்கோணச் சிறுமாடம் ஒன்று கழற்றி எடுக்கப்பெற்றுக் கரையிற் காக்கப்பட்டது. இது எவ்வாறு இயன்றது? மாடம் வார்ப்பிரும்புத் துண்டுகளை மறையாணியால் இணைத்து ஆக்கியது. இணைத்தது கழலும், கழன்றது மீண்டும் இணையும். கடல் இன்றிப் பாலத்திற்குப் பொருளில்லை. மாடத்திற்கோ எந்நிலமும் நிலமே. மேற்கூறிய பெயர்க்கத்தக்க தன்மை என்பது இதுவே. துருக்கித் தோட்டத்தினின்றும் பிரெஞ்சுத் தெருவுக்கும், முகலாயக் கூரையினின்றும் ஆங்கிலக் கரைக்கும் வடிவம் எளிதிற் பெயர்ந்தது போலவே, அழியும் பாலத்தினின்றும் பொருளும் பெயர்ந்தது. அதனைப் பழுது நீக்கி மீண்டும் நிறுத்த அவ்வறக்கட்டளை அண்மையில் நன்கொடை திரட்டியது.

இதற்கிடையே, 2016-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், மேற்குப் பாலம் கரையைத் தொட்ட இடத்தில் உயர்ந்த காட்சிக் கோபுரம் ஒன்று திறக்கப்பெற்றது. அதன் அடியில் 1866-ஆம் ஆண்டுச் சுங்க மாடங்கள் இரண்டும் பழைய வடிவில் புதிதாக வார்த்து நிறுத்தப்பட்டுள்ளன. தொடக்கத்தில் ஒன்றிற் சிற்றுண்டியும் மற்றதில் நுழைவுச்சீட்டும் விற்கப்பெற்றன. இப்புதிய வார்ப்பை வரலாற்றுச் சின்னம் எனலாமா? எம்முட் கருத்து வேறுபாடு எழுந்தது. ஏடு செல்லரிக்குமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி, பழையதை ஆற்றில் விட்ட மரபில் வந்தவர் நாம். பெயர்த்தெழுதிய ஏட்டையும் அந்நூலெனவே கொண்டோம். அம்முறையில் வார்ப்பச்சு மூலபாடம் ஆகும். வார்ப்பு படி ஆகும். ஆயின் படியில் மூலத்தின் பிழையும் திருத்தமும் கைத்தழும்பும் இரா. நூற்றைம்பது ஆண்டு உப்புக்காற்றைத் தாங்கிய இரும்பின் மேற் பூசிய வண்ணப் படலங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுரண்டிக் காணின், அம்மாடம் எவ்வெக்காலத்தில் எந்நிறம் பூண்டது என்பது புலனாகும். புதிய வார்ப்பைச் சுரண்டின் இரும்பே காணப்படும். எனவே வடிவத்தைக் கற்கப் படி போதும், வாழ்வைக் கற்க மூலமே வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தோம். கழற்றிக் காக்கப்பெற்ற அவ்வொரு மாடத்தின் மதிப்பு அதனாலேயே இரட்டிக்கின்றது.

மாளிகைப் பாலத்தில் நெடுங்காலம் நுழைவுக் கட்டணமின்றி எவரும் உலாவி வந்தனர். 2024-ஆம் ஆண்டு மே இறுதியில், செலவு ஏறியமை காரணமாக, வெளியூரார்க்குத் தலைக்கு ஒரு பவுண்டு மீண்டும் விதிக்கப்பட்டது. உள்ளூரார்க்கு அன்று விலக்கு இருந்தது. கட்டணம் செலுத்திப் புகுந்தோர், சங்கிலிப் பாலத்தின் வாயிலில் ஒருகாலத்து நின்ற அவ்விரு மாடங்களையும் கடந்தே சென்றனர்.